வெள்ளம் கையெழுத்துப் போடாது

பேரிடர்த் தணிப்புத் திட்டத்தை மதிப்பிடுவது சுலபம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சமூக மண்டபம், நாற்காலி, நாசி லெமாக் பொட்டலம். பாதி வேலை முடிந்தது. மீதி வருகைப் பதிவேடு. டீ-சட்டை வாங்கியவர் ‘விழிப்புணர்வு பெற்றவர்’. தன் அளவு இல்லையென்று கோபித்துப் போன அங்கிள் ‘இடைநின்றவர்’.

தொல்லை பேரிடரிடம்தான். 2004 சுனாமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்து மண் சரிந்து 11 பேரைப் புதைத்ததும், நவம்பர் 4-இல் பெருமழை தொடங்கியதும் சனிக்கிழமைகள். அந்த மழைக்கு அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங் ராணுவத்தைக் கூப்பிட்டது ஞாயிறு அதிகாலை. மதிப்பீட்டாளருக்கோ வார நாள்தான் தோது.

2015-இல் ஜப்பானின் செண்டாயில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஏழு இலக்குகளில் முதலாவது, சாவு எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது. நம் மதிப்பீட்டுப் படிவத்திலோ முதல் கேள்வி: ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?’ தண்ணீர் ஏறிய இரவில் நடமாட முடியாத பாட்டியை மாடிக்குத் தூக்கியது யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் வம்பு. பக்கத்து வீட்டு வங்காளதேசத் தொழிலாளி என்பார்கள். அவரைப் பயிற்சிக்கே அழைத்திருக்க மாட்டார்கள், அழைத்தாலும் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். பதிவேட்டில் பெயரில்லாதவர் செய்த உதவியை எந்தக் கட்டத்தில் போடுவது? ‘இதர’வில் போடலாம். ஆனால் அங்கே ஏற்கெனவே நாசி லெமாக் செலவு உட்கார்ந்திருக்கிறது.