கோனாவுக்கு ஒரு சீட்டு

கேள்வி: உத்தியோகம் பார்த்துக்கொண்டே விடியற்காலையில் நீந்தியும் ஓடியும் அப்பியாசம் செய்யும் என் சிநேகிதர், ஹவாய்த் தீவின் கோனாவில் நடக்கும் 'அயர்ன்மேன்' உலகப் போட்டிக்குத் தகுதி பெற முடியுமா?

பதில்: பேஷாக முடியும், அலாரக் கடிகாரமும் வீட்டாரும் சம்மதித்தால் போதும். சமுத்திரத்தில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, ஈரம் உலருமுன் 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓடவும் வேண்டுமென்ற இந்த அசுர யோசனை 1978-ல் அரங்கேறியபோது, புறப்பட்ட 15 பேரில் 12 பேர் முடித்தார்கள். ஆனால் வயதுப் பிரிவுகள் இருப்பதால், தங்கள் சிநேகிதர் இருபத்தைந்து வயது வாலிபனை ஜெயிக்க வேண்டியதில்லை. தம் பிராயத்தாரை முந்தினால் போதும். தகுதிப் போட்டியில் முன்னே வந்தவர் கோனாவுக்கான இடத்தை மறுத்துவிட்டால், அது பரிசளிப்பின்போதே அடுத்தவருக்கு இறங்கி வரும். ஆகையால் பரிசளிப்பு மண்டபத்தில் கடைசிவரை உட்கார்ந்திருக்கும் பொறுமையும் ஒருவகைத் திறமையே.

பயிற்சியில் பெரும்பகுதி, மூச்சிரைக்காமல் பேசக்கூடிய நிதானத்தில் நெடுநேரம் உழைப்பதுதான். சைக்கிளில் போகும்போதே உண்டு ஜீரணிக்கவும் வயிற்றைப் பழக்க வேண்டும். கோனாவில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியின் வெக்கையும், ஹாவி ஊரருகே சைக்கிளையே சாய்க்கும் குறுக்குக் காற்றும் சோம்பலை மன்னிப்பதில்லை.

2018-ல் ஜப்பானியரான ஹிரோமு இனாடா 85-ஆம் வயதில் இதே போட்டியை முடித்தார். எழுபதை எட்டிய பிறகே அவர் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் முதன்முதலாக இறங்கினார் என்பதைச் சிநேகிதரிடம் அவசியம் சொல்லுங்கள்.