லைன்ல இருங்க

சாயங்கால நேரத்தில் கல்கத்தா ராஷ்பிகாரி முக்கில் ஆட்டோவுக்கு நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நிற்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற மனிதர் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தாதா, லைன்டா ஏக்டு தேக்பேன்" என்றார். லைனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சொன்ன கையோடு புச்கா (நம்மூர் பானிபூரி) வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதைப் பார்த்துக்கொள்வது? குழந்தையை விட்டுப் போனால் பார்த்துக்கொள்ளலாம். பையை விட்டுப் போனால் காலால் தள்ளித் தள்ளியாவது கொண்டு போகலாம். இவர் விட்டுப் போனது ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் காற்று. லைன் நகர நகர அந்தக் காற்றையும் நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் நின்ற அம்மாள் மடக்குக் குடையால் முதுகில் இடித்து, "எகியே ஜான் நா" என்றார். முன்னால் நகருங்களேன் என்று அர்த்தம். இங்கே ஆள் இருக்கிறார் என்றேன். எங்கே என்றார். காட்டுவதற்கு ஆளில்லை. காற்றுக்காக வாதாடுகிற மதராசியை நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஈரோட்டிலிருந்து மைத்துனன் கூப்பிட்டான். பிஸ்கட் ஏஜென்சியில் சேல்ஸ்மேன்.

"மச்சான், லைன்ல இருக்கீங்களா?"

"லைன்லதான் நிக்கிறேன் மாப்ளே."

"நானும் லைன்லதான் இருக்கேன், இன்னிக்குப் பவானி லைன். லைன் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்."

புச்காக்காரர் திரும்பி வந்தார், கூடவே மனைவி, மனைவியின் தங்கை. அடுத்து வந்த ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பின்னால் மூன்று இடம். நான் கண்ணும் கருத்துமாகக் காத்த காற்று மூன்று பேராகி ஏறி உட்கார்ந்துகொண்டது. கிளம்பும்போது "தோன்னோபாத், தாதா" என்று நன்றி வேறு.

இதற்குச் செங்கல் எவ்வளவோ தேவலை. ரேஷனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடியற்காலையில் செங்கல்லை வைத்து லைன் போட்ட ஊர் இது. ஓட்டைப் பை, உடைந்த சட்டி, செங்கல் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சொந்தக்காரர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். செங்கல்லிடம் ஒரு நாணயம் உண்டு. யாரிடமும் எதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லாது, புச்கா தின்னப் போகாது, போன இடத்தில் மச்சினியைச் சேர்த்துக்கொண்டு வராது. ஒரு செங்கல்லுக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். செங்கல்லுக்குப் பின்னால் நிற்கச் சொன்னால் இன்றைக்கும் சந்தோஷமாக நிற்பேன்.

இந்தச் சொல்லைப் பற்றி முக்கியமாக ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 'ரன்' என்கிற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பாவம், ஒருநாளும் ராஷ்பிகாரி பக்கம் வந்திருக்க மாட்டார்கள். வங்காளியிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது, "எந்த லைனில் இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். உருப்படாத பையன் திருந்தினால் லைனுக்கு வந்துவிட்டான். காரியம் ஆக மேலிடத்தில் ஆள் பிடித்தால் அது லைன் செய்வது. பெண் பின்னால் சுற்றினால் லைன் மாரா. 'மாரா' என்றால் அடிப்பது. ஹவுராவுக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே 1,600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இரண்டு முனையிலும் பையன்கள் அடிப்பது லைனைத்தான். (இந்திக்காரர்களும் அதையேதான் அடிக்கிறார்கள். யாரைப் பார்த்து யார் அடித்தார்களோ.)

நாமும் லேசுப்பட்டவர்களா? கரண்ட் போனால் லைன்மேன், ஒண்டுக்குடித்தனத்துக்கு லைன் வீடு, வட்டி வசூலுக்குப் போகிறவன் லைனுக்குப் போகிறான், உதவி இயக்குநர் சினிமா லைனில் இருக்கிறான். வரிசை, கோடு, கம்பி, தடம், தொழில் என்று ஆளுக்கொரு சொல் வீட்டிலேயே இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை. நானும்தான் எடுக்கவில்லை, ஆட்டோ ஸ்டாண்டில் "வரிசை" என்றால் யார் நகர்வார்கள்?

இந்த ஊர் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓட ஆரம்பித்தது. 2020 வரை ஊருக்கே ஒரே தடம். அதற்குப் பெயரும் வெறும் மெட்ரோதான், யாருக்கும் குழப்பமில்லை. இப்போது ப்ளூ லைன், க்ரீன் லைன், பர்ப்பிள், ஆரஞ்சு, யெல்லோ. வழி கேட்டால் பெயின்ட் கடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு சியால்தாவிலிருந்து போகிற லோக்கல்களில் பன்காவ் லைன், கேனிங் லைன். பன்காவ் லைன் கூட்டத்தில் ஒருமுறை நசுங்கியவன் வேறெந்தக் கூட்டத்தையும் மதிக்க மாட்டான். அந்த ரயில் போய் நிற்கிற ஊரைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் இன்னொரு லைன். இந்தியாவையே அதற்கு முன் பார்த்திராத ராட்கிளிஃப் என்கிற வக்கீல் 1947 ஜூலையில் வந்து, அடுத்த மாதத்துக்குள் போட்டுக்கொடுத்துவிட்டுப் போன கோடு. ஆகஸ்டு 17 அன்றுதான் வெளியிட்டார்கள். சுதந்திரம் வந்து இரண்டு நாள் வரைக்கும் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று எல்லையோரத்துக்காரனுக்குத் தெரியாது. லைனை அவன் பார்த்துக்கொள்ளவில்லை, லைன்தான் அவனைப் பார்த்துக்கொண்டது.

பிறகு கட்சி லைன். 1964-இல் கம்யூனிஸ்டுகள் லைன் தகராறில் இரண்டாகப் பிரிந்தபோது, மார்க்சிஸ்டுகளின் மாநாடு நடந்தது தெற்குக் கல்கத்தாவில் தியாகராஜா ஹாலில். சபா கச்சேரிக்குப் போகிற நம்மவர்களுக்கு இது தெரிந்தால் தம்புராவைக் கீழே போட்டுவிடுவார்கள்.

சிரிக்க முடியாத லைனும் ஒன்று உண்டு. ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளில் வெள்ளைக்காரன் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை அறைகளுக்குக் கூலி லைன் என்று பெயர். வடக்கே தேயிலைத் தோட்டங்களிலும் லேபர் லைன்தான். இலங்கை மலையகத்தில் அதே சொல் நம் ஆட்களின் வாயில் லயன் ஆகி, லயமும் ஆகிவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஒரு குடும்பம், அதற்கு சங்கீதத்திலிருந்து எடுத்த மாதிரி ஒரு பெயர். வரைபடத்தில் யாரோ ஒரு துரை இழுத்த கோட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இன்னும் ஆள் குடியிருக்கிறது. இதில் எனக்கு வருகிற கோபத்தை ஆட்டோ லைனில்தான் காட்ட முடிகிறது. அது வேறு விஷயம்.

மைத்துனன் சொன்னபடி அப்புறம் கூப்பிட்டான். டார்கெட் முடித்ததற்காகக் கம்பெனி அவனை மலேசியா அனுப்பியதாம். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற பேர்போன நாசி கண்டார் சோற்றுக் கடை ஒன்று இருக்கிறது. கடையின் பெயரே 'லைன் கிளியர்'. அங்கே போய் எடுத்த போட்டோவை அனுப்பியிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் பெயர்ப் பலகை, மீதியெல்லாம் முதுகுகள்.

"சாப்பிட்டயா மாப்ளே?"

"எங்க மச்சான்? முன்னால நின்னவரு, லைனைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனாரு."