ஸ்ரீவராகத்துப் பழைய பிக்கப்பில் ஸ்பார்க் பிளக் மாற்றம்: ஓர் இருப்பியல் ஆய்வு

ஆய்வில் இறங்குமுன் ஆய்வுப் பொருள் உலகில் உண்டா என்று பார்த்துக்கொள்வது மரபு. திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் இந்த மரபே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. இங்கே வாழைக்குலையும் சிமென்ட் மூட்டையும் சுமக்கும் பழைய பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கும் எஞ்சினுக்குப் பொறி எதற்கு? சிலவற்றில் உள்ள குளோ பிளக் வெறும் சூடேற்றி. ஒர்க்‌ஷாப்பில் போய் "பிளக் மாத்தணும்" என்றால், "அண்ணே, இதுல ஏது பிளக்கு?" என்ற கேள்வியோடு ஆய்வு முடிந்துவிடும்.

ஆகவே, பெட்ரோல் ஜீப்புக்குப் பின்னால் தகரத் தொட்டி கட்டிய இனத்தை எடுத்துக்கொள்கிறோம். கே.எல்.டி. என்ற பழைய பதிவெண் தாங்கியவை முற்காலம். 1989-க்குப் பிந்தைய கே.எல்.-01 பிற்காலம். முற்காலத்தவற்றிலும் பல, பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. தப்பியவை வில்லிஸ் வழிவந்த நான்கு சிலிண்டர்க்காரர்கள்.

இவ்வூர்க் கோயிலின் வராகமூர்த்தி பூமியையே தூக்கியவர். ஆதலின் ஜாக்கியின் மூலவடிவம் இங்கேதான் என்று வாதிட இடமுண்டு. பிளக் மாற்ற ஜாக்கி வேண்டாம் என்பதால் அருமையான இந்தச் சான்றை வருத்தத்துடன் தள்ளுகிறோம்.

எஞ்சின் 'மிஸ்' அடித்ததும் ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றுவார்கள். அதன் நுனி வண்டியின் ஜாதகம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வுப் பக்கமோ தேய்மானம், செலவு உறுதி. வெளுத்திருந்தால் அதிகச் சூடு. இளம்பழுப்பு ராஜயோகம், அந்த யோகக்காரர்கள் ஒர்க்‌ஷாப் பக்கமே வருவதில்லை.

இங்கிருந்து அறிஞர்கள் இரு பிரிவு: மாற்றல்வாதிகள், துடைத்தல்வாதிகள். பின்னவர்கள் பெட்ரோலில் நனைத்து எமரித் தாளால் தேய்ப்பார்கள். வில்லிஸ் கையேடு கேட்கும் இடைவெளி 0.030 அங்குலம், ஏறத்தாழ 0.76 மி.மீ. அதை அளக்க இவர்களிடம் இருப்பது உடைந்த ஆக்ஸா பிளேடு. பிளேடு சற்று மெலிசு. மீதி அனுபவம்.

மாற்றல்வாதிகளை நம்பியே இக்கட்டுரை தொடங்கியது. ஆனால் அவர்களும் பழைய பிளக்கை எறிவதில்லை. நான்கையும் செய்தித்தாளில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் 'ஸ்பேர்' என்று வைக்கிறார்கள். அடுத்த முறை மிஸ் அடித்தால் அவை துடைக்கப்பட்டு மறுபிறவி எடுக்கின்றன. உள்ளிருந்தவை பெட்டிக்குப் போகின்றன. எட்டுப் பிளக்குகள் இப்படிச் சுழலும்போது 'மாற்றம்' என்பதை நாங்கள் இடமாற்றம் என்றே கொள்கிறோம், அரசு ஊழியருக்கு நேர்வது போன்ற பொருளில். 1902-இல் போஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட், உயரழுத்த மாக்னெட்டோவையும் அதற்கான பிளக்கையும் உருவாக்கியபோது, தேய்ந்தால் தூக்கிப்போடுவார்கள் என்றே எண்ணியிருப்பார். பாவம், ஸ்டுட்கார்ட்டில் இருந்தார்.

பொருத்துவதில் மட்டும் இரு பிரிவினரும் ஒன்றுபடுகிறார்கள். முதலில் கையால் திருகு, ஸ்பேனர் பிறகு. மரை கோணினால் ஹெட்டையே இறக்க வேண்டும். வயர்களை 1-3-4-2 என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். இரண்டு வயர் இடம் மாறினால் கார்புரேட்டர் வெடி போடும். அன்று என்ன விசேஷம் என்று அக்கம்பக்கத்தார் விசாரிப்பார்கள்.