நூலும் பிள்ளையும்

குழந்தை வளர்ப்பு நூல்களைப் படித்தால் பிள்ளை நன்றாக வளருமா? — தந்தை ஒருவர், தெங்கேரா

நூலைப் போலச் சேலை வரும் என்றார்களேயன்றி, நூலைப் போலப் பிள்ளை வரும் என்று நம் முன்னோர் எவரும் சொல்லவில்லை. அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-ஆம் வருஷம் இதற்கென ஒரு பெருநூலே வெளியிட்டிருக்க, வள்ளுவரோ மக்கட்பேற்றை 10 குறள்களில் முடித்துக்கொண்டார். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதற்குமேல் வாசிக்க அவகாசம் இராது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

போகட்டும், விளையாட்டு நூலையாவது வாங்கலாமா?

பல்லாங்குழிக்கு 14 குழிகள் என்பதையும், மலாய்க்காரர்களின் சொங்காக் பலகையில் இரு முனைகளிலும் காய் சேர்க்கும் குழி வேறு உண்டென்பதையும் நூல் சொல்லும். தோற்கும் தருணத்தில் பலகையைக் கவிழ்த்துவிட்டு ஓடும் பிள்ளையைத் திரும்ப அழைக்கும் உபாயத்தைச் சொல்லாது.

1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது வியாபார நிமித்தமே எனினும், அம்மரத்துக் கொட்டைகள் தோட்டத்துச் சிறுவர்களுக்கு எந்த நூலுமின்றியே விளையாட்டைக் கற்பித்தன; அவர்களுக்கு வேண்டியிருந்தது எதிரே உட்கார ஓர் ஆள் மட்டுமே. அந்த ஆள் தாங்களாக இருக்கலாகாதா?