பேஸ் கிடார்த் தேர்வியல்: பழவேற்காட்டு உரை

பேஸ் கிடார் வாங்குமுன் நாலைந்தை எடுத்து வாசித்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. விதிக்கு உரை கண்டாரில்லை. தொல்காப்பியரைக் குறை சொல்வதற்கில்லை. லியோ ஃபெண்டர் தம் பிரெசிஷன் பேஸை விற்பனைக்கு விட்டதே 1951இல்தான். அக்குறை தீர்க்கப் புகுந்தது இவ்வுரை.

பழவேற்காட்டுக் குப்பத்து இளைஞன் ஒருவன், கோயில் பாடல் குழுவுக்காகப் பேஸ் வாங்கப் போகிறான் எனக் கொள்க. பொன்னேரி வரை பேருந்து, அப்புறம் மின்ரயில். 1842 முதல் சென்னையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்றதொரு கடை. தனியே போவானோ எனின், போகான். மாமாவும் சித்தப்பாவும் உடன் வருவர். வலையோ எஞ்சினோ வாங்குவதற்கும் இதுவே மரபு.

முதற்சோதனை மாமாவுடையது. பேஸ் ஏறக்குறைய நாலு கிலோ. அதைப் பையன் தோளில் மாட்டி, "கைய எடுடா" என்பார். தலைப்பக்கம் தாழ்ந்தால், "கவுறும், வேணாம்." படகுக்குச் சொன்ன தீர்ப்பு பேஸுக்கும் முற்றும் பொருந்தும். கழுத்து சரிந்துகொண்டே இருந்தால் இடக்கை அதைத் தாங்குவதிலேயே களைத்துப்போகும். பூசை முடியுமட்டும் யார் தாங்குவது?

அடுத்துக் கம்பி. தங்கூசியை விரலால் உருட்டியே கனம் சொல்லும் சித்தப்பா, தடித்த ஈ கம்பியை நெருடிப் பார்த்து, "இதுல இன்னாடா மாட்டும், சுறாவா?" என்பார். கடைக்காரர் சிரிப்பார், ஆய்வாளர் சிரிக்கலாகாது. ஒரு கிடாரில் புதுக்கம்பி, மற்றதில் பழங்கம்பி இருந்தால் நாம் ஒப்பிடுவது கம்பியைத்தான், கிடாரை அன்று. அன்றியும், பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்றுக்கு இரும்புக் கம்பி எத்தனை மாதம் தாங்கும் என்று கடையில் கேட்கத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவரே.

மூன்றாவது, இளைஞனின் சோதனை. ஆம்பிளிஃபையரில் இணைத்ததும் கட்டைவிரலால் படபடவென்று அடித்துக் காட்டுவான். கோயிலில் ஒருநாளும் வாசிக்கப்போகாத வாசிப்பு அது. இளையராஜாவுக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனை நினைத்துக்கொண்டாவது ஒரே சுரத்தை நீளப் பிடித்துப் பார்க்கலாம். ஜி கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டைச் சுற்றிச் சில கிடார்களில் சுரம் பிறந்தவுடன் செத்துவிடும். கம்பியின் அதிர்வைக் கழுத்தே வாங்கி விழுங்குவதால் நேர்வது. படபட அடியில் இது அகப்படாது. எல்லாக் கிடாரையும் ஒரே ஆம்பிளிஃபையரில், திருகுகளை நடுவில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதும் சொல்லாமலே பெறப்படும்.

இனிக் கடாவிடை. இத்தனை ஆராய்ந்து வாங்கியதை ஊரில் எதன்வழி கேட்பார்கள்? திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் வழி. திறந்த ஈ கம்பியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 41. குழாயோ சில நூறுக்குக் கீழே உள்ளதை வெளியே விடாது. பத்தாயிரம் ரூபாய்ப் பேஸும் இரண்டு லட்ச ரூபாய்ப் பேஸும் அதன் வாயில் பெரும்பாலும் ஒன்றே. பேஸ்களை ஒப்பிடும் வீடியோவைக் கைப்பேசியில் போட்டு, "இதுதாம்பா நல்லா இருக்கு" என்பாருக்கும் இதுவே விடை.

அற்றேல், கேட்பவருக்குப் பேஸ் அறவே விழாதோ எனின், அற்றன்று. மேலே உள்ள கிளையொலிகள் மட்டும் வந்தாலும் அடிச்சுரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒலியியலார் ஒப்புக்கொண்ட உண்மை இது. அரைப் பேஸை இளைஞன் வாசிக்க, மீதியைச் சபையோர் தத்தம் தலைக்குள் வாசிக்கின்றனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை.

ஆதலால் கையிலுள்ள பணத்தில் பாதியைப் பெரிய பெட்டி ஸ்பீக்கருக்கு ஒதுக்கி, மீதிக்குக் கிடார் பார்ப்பதே இவ்வுரையாசிரியர் துணிபு. பெட்டியைப் பொன்னேரியிலிருந்து பேருந்தில் ஏற்ற நடத்துநர் இசைவாரா என்பது வேறு. நிறம் பற்றிய அதிகாரம் இன்னும் முடியவில்லை: மாமா சிவப்புக் கட்சி, சித்தப்பா கறுப்பு, பையனை யாரும் கேட்கவில்லை.