75 வாட்டுக்குள் ஒரு வாழ்க்கை

ராமநாதபுரம் மாவட்டத்து வலிநோக்கத்தில் உப்பு எடுக்கப் பாத்தி கட்ட வேண்டும், கடல்நீரைத் தேக்க வேண்டும், வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கென்றே 1974-ல் தமிழ்நாடு உப்புக் கழகம் என்று ஓர் அரசு நிறுவனமே தொடங்கினார்கள். பக்கத்தில் இருக்கும் எங்கள் ஏர்வாடியில் அந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைத்தால் போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். 2014-ல் வாங்கிய என் கேமிங் கம்ப்யூட்டர் இப்படி வருஷா வருஷம் சேமித்து வந்திருக்கிறது. வீட்டில் சேமிப்புப் பழக்கம் உள்ள ஒரே ஆள் அதுதான்.

அதில் இருந்தது ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு, 2 ஜிபி மெமரி. ஒரு காலத்தில் அது ஜிடிஏ ஃபைவ் ஓட்டுவதைப் பார்க்கத் தெருப் பையன்கள் ஜன்னலில் தொங்குவார்கள். இன்றைய கேமைப் போட்டாலோ, ஒரு காட்சி வந்து மறுகாட்சி வருவதற்குள் உம்மா போட்ட டீயைக் குடித்து முடித்துவிடலாம். எதிரி சுட்டதும் தெரியாது, நான் செத்ததும் தெரியாது. துக்கச் செய்தி பின்னால் வரும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போன் போட்டேன்.

“பிராசஸர் என்ன சார்?”

“ஐ5, நாலாவது தலைமுறை.”

“எஸ்எம்பிஎஸ்?”

“கேபினெட்டோட வந்தது.”

“எந்த ஊர் சார்?”

“ஏர்வாடி.”

மறுமுனையில் சின்ன அமைதி. பிறகு, எல்லாம் விளங்கிவிட்ட குரலில், “சரி சார்.”

இந்தச் ‘சரி சார்’ எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தர்கா இருக்கிறது, சந்தனக்கூடு இருக்கிறது, கடல் இருக்கிறது. ஆனால் தமிழ் சினிமா எங்களுக்கு ஒரே ஓர் அடையாளத்தைத்தான் ஒதுக்கியது: மனநிலை சரியில்லாதவர்களைக் கொண்டுவிடும் ஊர். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்டிக்குப் புதுக் கார்டு கேட்கிறவன் அந்த அடையாளத்தை எதிர்த்து வாதாடவும் முடியாது.

கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கச் சொன்னார். 170 வாட் குடிக்கும் கார்டு. மதர்போர்டில் கார்டு செருகும் இடம் தருவதே அதிகபட்சம் 75 வாட்தான். மிச்சத்தைக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் போட்டு இழுக்க வேண்டும். என் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கேபிளே கிடையாது. எஸ்எம்பிஎஸ் மாற்றலாம் என்றால், கார்டின் நீளத்துக்குக் கேபினெட் இடம் கொடுக்கவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது பக்கத்து வீட்டுப் படகு மெக்கானிக் அண்ணன். கம்ப்யூட்டரை அவர் தொட்டதே இல்லை. “எஞ்சின் பெருசா இருந்தாப் போதுமா தம்பி? வள்ளத்துப் பலகை தாங்கணும்ல. இல்லாட்டி எஞ்சின் மட்டும் கரை போய்ச் சேரும், வள்ளம் இங்கனயே கெடக்கும்” என்றார். இதையே ‘பாட்டில்நெக்’ என்று பெயர் வைத்து அரைமணி நேர யூடியூப் வீடியோவாகப் போடுகிறார்கள்.

உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஒன்றே 575 வாட் கேட்கிறது. பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். ஏழெட்டு ஃபேன் ஓடும் கரண்டைக் குடித்துவிட்டு அறையைச் சூடாக்கும் சாதனத்தை மே மாத ராமநாதபுரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி கார்டில் மனம் நின்றது. 70 வாட். தனி கேபிள் வேண்டாம். விலையைக் கேட்ட உம்மா, “இந்தக் காசுக்கு ஒரு கிடாய் வாங்கியிருந்தா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆயிருக்கும்” என்றார். கார்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் பதில் சொல்ல முடியாதது இது ஒன்றே.

ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு. கார்டு அங்கே போய்விட்டது. கூரியர்காரர் போன் செய்து, “வீட்டு வாசல்லதான் சார் நிக்கிறேன், வெளிய வாங்க” என்றார். வந்தேன். என் வாசலில் ஓர் ஆடுதான் நின்றுகொண்டிருந்தது. ஒருவழியாக மலைக்காற்று வாங்கிவிட்டுக் கார்டு எங்கள் ஊருக்கு வந்தது. உப்பு படாமல் அது கழித்த கடைசி நாட்கள் அவை.

கேபினெட்டின் ஸ்குரூக்கள் துருவேறி, தலை மழுங்கிப் போயிருந்தன. மெக்கானிக் அண்ணன்தான் துரு எண்ணெயும் குறடுமாக வந்து திறந்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. செம்பில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வரும் பச்சை. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரமான உப்பு கரண்டைக் கடத்தும். அதனால்தான் கடலோரத்துப் பெட்டிகள் காரணமே சொல்லாமல் திடீரென்று அணைகின்றன. ராமைக் கழற்றி அதன் காலை ரப்பரால் தேய்த்தோம். போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பிரஷ்ஷால் துடைத்தோம்.

கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. மானிட்டர் கேபிளை எடுத்தால், செருக இடமில்லை! என்னுடையது நீலத் தலை விஜிஏ. 2016-ல் பாஸ்கல் தலைமுறை வந்தபோதே என்விடியா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. கன்வெர்ட்டர் வாங்க ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறியதும் செலவுக் கணக்கில் சேர்த்தி.

கேம் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. புதுக் கார்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்க, பழைய ஐ5தான் மூச்சு வாங்குகிறது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பிராசஸரை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. அண்ணன் சொன்ன பலகை இதுதான்.

ஆகவே கடலோரத்து அன்பர்களே, பழைய பெட்டிக்கு 75 வாட்டைத் தாண்டும் கார்டு வேண்டாம். கார்டுக்கு முன்னால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் ஒழுங்கான எர்த்தும் போடுங்கள். பெட்டியை ஜன்னலைவிட்டு நகர்த்துங்கள். மானிட்டரின் முதுகைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். விலாசம் எழுதும்போது ஊரைவிட மாவட்டத்தைப் பெரிதாக எழுதுங்கள்.