அல்லிக்கு யார் கேட்டுத் தாலி கட்டினார்கள்?

கேள்வி: தூங்கும் அழகியை இளவரசன் முத்தமிட்டு எழுப்பும் கதையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம் மதுரைக் கதைகளில் பெண்ணுக்கு அந்த நிலைமை இல்லைதானே?

பதில்: பாதி உண்மை. மதுரையை ஆண்டவளாக ‘அல்லி அரசாணி மாலை’ சொல்லும் அல்லி, யாரும் வந்து எழுப்பக் காத்திருந்தவள் அல்ல. வாள் எடுத்தவள், ஆண் துணையின்றி அரசாண்டவள். அவளை மணக்க ஆசைப்பட்ட அர்ச்சுனன் என்ன செய்தான்? கண்ணனின் துணையோடு பாம்பாக உருமாறி அவள் படுக்கையறைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டினான். அங்கே முத்தம், இங்கே தாலி. இரண்டு இடத்திலும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைச் சாமர்த்தியம் என்று இன்னமும் ரசிப்பது அநியாயம்.

இன்னொரு கொடுமை. பெண்கள் நிர்வகிக்கும் அலுவலகத்தை இன்றும் ‘அல்லி ராஜ்ஜியம்’ என்று கேலி பேசுகிறோம். அர்ச்சுனன் பெயரில் அப்படி ஒரு கேலி உண்டா?

மதுரை மீனாட்சியான தடாதகைப் பிராட்டியின் கதையும் அப்படித்தான். திசையெல்லாம் வென்றவள், கயிலையில் சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிகிறாள். மணம் முடிந்ததும் அரியணையில் சிவனே, சுந்தர பாண்டியனாக.

ஆனால் மதுரை அவளுடைய ஆட்சியை மறக்கவில்லை. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள், வேப்பம்பூ மாலையும் கிரீடமும் செங்கோலுமாக மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். மறுநாள் திக்விஜயம். அதற்கு அடுத்த நாள்தான் திருக்கல்யாணம்.

அப்பத்தாக்களே, பேத்திகளுக்குத் திருக்கல்யாணத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாள் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். தூக்கத்தில் கட்டிய தாலி தப்பு என்பதைப் பேரன்களுக்கும் சொல்லுங்கள்.